நடு நாற்காலி

இது நடந்தது. பாரிஸில், பத்தினியோல் பகுதியில், நான்காம் மாடி வீடு ஒன்றில். அதை என்னிடம் சொன்ன செவரின் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. சொல்லும்போதுகூட அவள் குரலில் நடுக்கம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. பொய் சொல்ல வந்தவர்கள் கண்ணை உருட்டுவார்கள், நெஞ்சில் கை வைப்பார்கள். செவரின் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதனால்தான் நான் நம்பினேன்.

1880ஆம் வருடக் குளிர்காலம். செவரினுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் ஃபிர்மின் வீட்டில் இருந்தாள். ஓவியம் வரைந்தாள். அவள் படங்களை அரசாங்கக் கண்காட்சி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. அந்த ஏப்ரலில் சில ஓவியர்கள் கூடி, அரசாங்கத் தயவு வேண்டாம் என்று தனியாக ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். கண்ணில் பட்டதைப் பட்டபடி வரைகிறவர்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்த கூட்டம் அது. அவர்கள் செவரினுக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பெரிய படத்துக்கான இடம்.

“இதுவும் வெளங்கலன்னா நீ வரையற ஜன்னல் கூடத்தை விட்டுடு செவரின்,” என்றான் ஃபிர்மின். “ஒங்கண்ணி ஒதிலுக்குக் கொழந்தை பொறக்கப் போவுது. தொட்டில் போட வெளிச்சமான எடம் வேணும்.”

“நான் எங்க போறது?”

“ஆன்ஜே ஊர்ல பெரியம்மா தனியா இருக்காங்க. தொணைக்கு ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க.”

“தொணைக்கா? அவங்க நாயக் குளிப்பாட்டவா?”

அவன் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். பேச்சு முடிந்தது.

ஆண் ஓவியர்கள் காபிக் கடையில் உட்கார்ந்து வரைவார்கள். குதிரைப் பந்தயத்துக்குப் போவார்கள். நாடகக் கொட்டகையின் பின்கட்டுக்குப் போவார்கள். செவரின் தனியாகத் தெருமுனையைத் தாண்டினாலே எதிர் வீட்டு ஜன்னல் திறக்கும். அவளுக்கு முழுதாகத் தெரிந்த உலகம் ஒன்றுதான். பிற்பகலில் பெண்கள் வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கும் உலகம். சரி, அதையே வரைகிறேன் என்று முடிவு செய்தாள். அந்த மேசையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று எந்த ஆணுக்குத் தெரியும்?

இடது பக்கம் ஒதில், அவள் அண்ணி. வெறுந்தலை, வெறுங்கை, கையில் வெள்ளிக் கெண்டி. வலது பக்கம் மதாம் ப்ரெவால், ஒதிலின் தோழி, வக்கீல் ஒருவரின் மனைவி. விருந்தாளி என்பதால் தொப்பியைக் கழற்ற மாட்டாள். கப்பைப் பிடிக்க ஒரு கையுறையை மட்டும் கழற்றுவாள். வெறுந்தலையோடு இருப்பவள் வீட்டுக்காரி, தொப்பியோடு இருப்பவள் வந்தவள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இருவருக்கும் நடுவே, சற்றுப் பின்னால் தள்ளி, மஞ்சள் பட்டுத் தைத்த ஒரு நாற்காலி. காலி நாற்காலி. படம் மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்று செவரின்தான் அதை அங்கே போட்டாள்.

வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். மதிய உணவுக்குப் பிறகு தொடங்கி, வெளிச்சம் இருக்கும்வரை. செவரினின் கட்டளை ஒன்றே ஒன்று: பேசக் கூடாது. பேசினால் தலை திரும்பும்.

படம் வரவில்லை.

ஒதிலின் கை வந்தது. கெண்டியின் பளபளப்பு வந்தது. ஆனால் இரண்டு பெண்களும் ஒரே அறையில் இருப்பதாகவே தோன்றவில்லை. நடுவில் ஏதோ முட்டுக்கட்டை போட்டது. செவரின் சுரண்டினாள், மறுபடி வரைந்தாள், மறுபடி சுரண்டினாள். இரவில் படுக்கையில் கண்ணை மூடினால் படம் சரியாக இருந்தது. பகலில் தூரிகையை எடுத்தால் பாழானது. ஒரு கட்டத்தில், தனக்கு வரையத் தெரியாது, இத்தனை வருடம் எல்லாரும் மரியாதைக்காகச் சும்மா இருந்தார்கள் என்றுகூட நினைக்கத் தொடங்கினாள்.

“மதாம், கண்ணு அண்ணி மேல இருக்கட்டும். நாற்காலியப் பாக்காதீங்க.”

மதாம் ப்ரெவால் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“பாவாடைய எதுக்கு இழுத்து இழுத்து ஒடுக்கிக்கிறீங்க? நல்லா விரிச்சு விடுங்க. அங்க யாரு இடிக்கப்போறா?”

மதாம் ப்ரெவால் ஒதிலைப் பார்த்தாள். ஒதில் கூரையைப் பார்த்தாள்.

வேலைக்காரி அனைக் வேறு உயிரை எடுத்தாள். பிரத்தாஞ் சீமையிலிருந்து புதிதாக வந்தவள். ஒவ்வொரு முறையும் தட்டில் மூன்று கப் கொண்டுவந்தாள்.

“ரெண்டுன்னு எத்தனை தடவ சொல்றது? நான் குடிக்கல அனைக். கையெல்லாம் சாயம்.”

“உங்களுக்கு இல்லீங்க மத்மசேல்…”

“எதுத்துப் பேசாத. எடுத்துட்டுப் போ.”

“போறேன். எனக்கென்ன வந்துச்சு. கொண்டாந்தாலும் திட்டு, கொண்டு போனாலும் திட்டு.”

மஞ்சள் நாற்காலிக்கு எதிரே வைத்திருந்த கப்பை அனைக் எடுத்தாள். வாசலில் ஒருமுறை திரும்பி, மன்னிப்புக் கேட்பது போல முழங்காலை மடக்கி வணங்கினாள். தன்னிடம்தான் கேட்கிறாள் என்று செவரின் நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள். நடுப்பகுதி ஏழாவது முறையாகக் கெட்டுப்போனது. செவரினுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கையிலிருந்த, சாயம் துடைக்கும் துணியைச் சுருட்டி அந்த மஞ்சள் நாற்காலியை நோக்கி வீசினாள். வீசிவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துணி தரையில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தாமதமாக.

“ஐயோ!” என்று மதாம் ப்ரெவால் எழுந்தாள். அவள் கப் கவிழ்ந்து தேநீர் மேசை விரிப்பில் ஓடியது. முகம் வெளுத்திருந்தது.

“எனக்குத் தலை வலிக்குது. நான் கெளம்பறேன்.”

“இன்னும் அரைமணி வெளிச்சம் இருக்கே மதாம்!”

கை கொடுக்காமலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வரவில்லை. முதல் முறை, தலைவலி என்று வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டாம் முறை அதுவும் இல்லை. படத்தில் அவள் கன்னம் பாதியில் நின்றது. மார்ச் பிறந்துவிட்டது.

மதாம் ப்ரெவால் வீட்டில் விருந்தாளிகளைப் பார்க்கும் நாள் திங்கள். செவரின் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு போனாள். அங்கே ஏற்கனவே நான்கு பெண்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். யாருடைய மகளோ பியானோ கற்பதைப் பற்றிப் பேசினார்கள். செவரின் ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெண் கிளம்பும்வரை பொறுத்தாள்.

“என்ன கோவம்னு சொல்லிடுங்க மதாம். இன்னும் நாலே தடவ உக்காந்தாப் போதும். காலைப் புடிக்கணும்னாலும் புடிக்கிறேன்.”

“கோவமா? எனக்கா?” மதாம் ப்ரெவால் சர்க்கரைக் கிண்ணத்தை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். “நான் எத்தனையோ வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கேன் மத்மசேல். என்னை யாரும் இப்படி நடத்தினதில்ல.”

“எப்படி நடத்தினேன்?”

“ரெண்டு மாசம் ஒரு அம்மா பக்கத்துல என்னை உக்கார வெச்சீங்க. முட்டியோட முட்டி இடிக்க. ‘இவங்க இன்னார்’னு ஒரு வார்த்தை சொல்லி அறிமுகம் செஞ்சு வெச்சீங்களா?”

செவரினுக்குப் புரியவில்லை.

“அறிமுகம் செய்யாத ஆள்கிட்ட நானா போய்ப் பேச முடியுமா? நான் என்ன மீன்காரியா? இன்னிக்குச் செய்வாங்க, நாளைக்குச் செய்வாங்கன்னு பாத்தேன்.”

“எந்த அம்மா?”

“வெளையாடாதீங்க. தொப்பி இல்லாம உக்காந்திருந்தாங்களே. உங்க வீட்டு ஆளுன்னு தெரியுது. அவங்களுக்கு மட்டும் கப்ப எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க. என் கண்ணு முன்னாடி! ஏதோ குடும்பச் சண்டை, நமக்கெதுக்குன்னு இருந்தேன். கடைசில அவங்க மடியிலயே அழுக்குத் துணிய வீசினீங்க பாருங்க… அதுக்கு மேல அங்க உக்காந்தா எனக்கு மரியாதை இல்ல.”

செவரின் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள்.

“அவங்க… எங்க உக்காந்திருந்தாங்க?”

“மஞ்ச நாற்காலில. வேற எங்க?”

வீடு திரும்பியபோது ஐந்து மணி. கூடத்தில் ஒதில் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி. அந்த மஞ்ச நாற்காலில உக்காந்திருந்தது யாரு?”

“அப்பாடா! இப்பவாவது வாயத் தொறந்தியே.” ஒதில் ஊசியை நிறுத்தவில்லை. “காசுக்குப் படத்துக்கு உக்கார்றவளக் கூட்டியாந்து என் கூடத்துல, என் தோழி பக்கத்துல உக்கார வெச்சிருக்க. உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா படத்தையே தூக்கி வெளிய போட்ருப்பாரு. ஒனக்காகத்தான் நான் மூச்சு விடல.”

“நான் யாரையும் கூட்டிட்டு வரல.”

“பொய் சொல்லாத. நான் கூடத்துக்குள்ள வரும்போதெல்லாம் அவ மொதல்லயே வந்து உக்காந்திருக்கா…”

ஊசி நின்றது.

அனைக்கைக் கூப்பிட்டார்கள். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“வெறுந்தலையா இருந்தாங்க. வீட்டுக்காரங்கன்னு நெனச்சேன். வந்தவங்கன்னா பேரு கேட்டு உள்ள வந்து சொல்லணும். வீட்டுக்காரங்களப் போயி நீங்க யாருன்னு கேக்கலாமா? அன்னிக்கே என்னைய ஊருக்கு அனுப்பியிருப்பீங்க.”

மூன்று பெண்கள் பார்த்திருந்தார்கள். மூன்று பேருக்கும் வாய் திறக்காமல் இருக்க ஒரு காரணம் இருந்தது. மூன்றும் நாகரிகமான காரணம்.

செவரின் என்னிடம் இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் குரலை உயர்த்தினாள். பயம் அப்போது அவளுக்கு வரவில்லையாம். அவமானம் வந்ததாம். பார்ப்பதுதான் அவள் தொழில். பார்ப்பதற்காகத்தான் கல்யாணத்தையும், பிள்ளைகளையும், தனக்கென்று ஒரு வீட்டையும் விட்டாள். தலைவலிக்காரியும், பின்னல்காரியும், பாத்திரம் தேய்ப்பவளும் சாதாரணமாகப் பார்த்ததை, இரண்டு மாதம் அந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்த அவளால் பார்க்க முடியவில்லை.

“மொகம் எப்படி இருந்துச்சு அண்ணி?”

ஒதில் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “சரியாத் தெரியல. எங்க பக்கம் அவ திரும்பினதே இல்ல. உன்னையேதான் பாத்துட்டிருந்தா. ஆடாம, அசையாம… எங்களவிட நல்லாவே உக்காந்தா.”

மறுநாள் காலையிலேயே ஒதில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அனைக் சமையலறையைத் தாண்டி வர மாட்டேன் என்றாள்.

பிற்பகல். நல்ல வெளிச்சம். செவரின் கூடத்தில் தனியாக நின்றாள்.

நாற்காலியைப் பார்த்தாள். பட்டின் நூல்கள் தெரிந்தன. கைப்பிடியில் தேய்ந்த இடம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், வரைகிறவர்கள் பார்ப்பது போல. ஒளி, நிழல், மஞ்சள். அவ்வளவுதான்.

தானே ஒரு கப் எடுத்துவந்தாள். தேநீர் ஊற்றி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

“நான் செவரின்,” என்றாள். “இந்த வீட்டுப் பொண்ணு. துணி வீசினதுக்கு மன்னிச்சிடுங்க.”

கடிகாரம் மூன்று அடித்தது.

அவள் காத்திருந்தாள். தேநீரின் ஆவி அடங்கியது.

க்ரீச்…

நாற்காலி மெத்தையின் சுருள்வில். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தால் வரும் சத்தம்.

பிறகு பட்டு உரசும் சத்தம். மேசையைச் சுற்றி… ஜன்னலைத் தாண்டி… அவளுக்குப் பின்னால்.

நின்றது.

படம் வரைகிறவர்களுக்கு ஒன்று தெரியும். தோளுக்குப் பின்னால் யாராவது வந்து நின்று படத்தைப் பார்த்தால், திரும்பாமலே தெரியும்.

செவரினுக்குத் தெரிந்தது.

அவள் திரும்பவில்லை. பின்னால் இருந்தவள் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். நடுவில் பார்த்தாள்… காலி மஞ்சளை.

“ச்…”

உச்சுக் கொட்டும் சத்தம். காதுக்குப் பக்கத்தில்.

செவரின் சட்டென்று திரும்பினாள்.

யாரும் இல்லை.

“எனக்குக் காட்டு!” என்று கத்தினாள். “எல்லாருக்கும் காட்டற… வரையறவ நான்தானே! எனக்குக் காட்டேன்!”

சமையலறையில் அனைக் எதையோ கீழே போட்டு உடைத்தாள்.

வேறு சத்தம் இல்லை.

அன்று செவரின் அழவில்லை. தூரிகையை எடுத்தாள். கண்ணில் படுவதை மட்டும் வரைவது என்பது அவள் வைத்திருந்த ஒரே விரதம். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு ஒரு மூக்கும் வாயும் எழுதிவிடலாம். ஒதிலைக் கேட்டால் உடையின் நிறம்கூடச் சொல்வாள். அவள் கேட்கவில்லை. நாற்காலியைக் காலியாகவே வரைந்து முடித்தாள். மதாம் ப்ரெவாலின் கன்னத்தை ஞாபகத்தில் இருந்து முடித்தாள். பிடிவாதத்தில் முடித்த படம். நன்றாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ‘தேநீர் வேளையில் இரண்டு பெண்கள்’ என்று பெயர் கொடுத்து அனுப்பிவைத்தாள். ஆன்ஜேவுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

கண்காட்சி திறந்த மூன்றாம் நாள் ஃபிர்மின் பத்திரிகையோடு அவள் அறைக் கதவைத் தட்டினான். அவன் இதற்கு முன் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை.

“கேளு, கேளு. பத்திரிகைக்காரன் மத்தவங்களையெல்லாம் கிழிச்சிருக்கான். ஒன்னை மட்டும்… ‘தேநீர் ஊற்றுபவளும் விருந்தாளியும் சாதாரணம். நடுவில் இருக்கிறாளே, அவள்தான் படம். இந்தக் கூடத்திலேயே உயிருள்ள முகம் அது ஒன்றுதான்.’ கூடவே ஒரு கிண்டல். ‘இவருக்கு வரையத் தெரிகிறது, மூன்று வரை எண்ணத்தான் தெரியவில்லை’ன்னு.” அவன் சிரித்தான். கண் கலங்கியிருந்தது. “துணியெல்லாம் எடுத்து உள்ள வை. கூடத்த நீயே வெச்சுக்கோ. தொட்டிலுக்கு வேற எடம் பாத்துக்கலாம்.”

கேட்டது கிடைத்துவிட்டது. மடித்த துணிகளை அவள் தொடவில்லை.

அன்றே கண்காட்சிக்குப் போனாள். அவள் படத்தின் முன் கூட்டம் நின்றது. தொப்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள்.

இடது பக்கம் ஒதில். வலது பக்கம் மதாம் ப்ரெவால். நடுவில் மஞ்சள் நாற்காலி. காலி.

“அந்தக் கண்ணப் பாருங்களேன்,” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் கணவனிடம். “ரொம்ப நாளாக் காத்துட்டிருந்த கண்ணு மாதிரி இல்ல?”

காவலாளி செவரினை அடையாளம் கண்டுகொண்டு வந்தான்.

“மத்மசேல், ஈரப் படத்த மாட்டலாமா? நேத்து ஒரு அம்மாவோட கையுறை பாழாப் போச்சு. எனக்குத்தான் திட்டு.”

“அது காஞ்சு பல வாரம் ஆச்சு.”

“நடுவுல தொட்டுப் பாருங்க.”

அவள் வலது கையுறையைக் கழற்றினாள். கடிகாரத்தில் மணி மூன்றரை. காலி நாற்காலியின் சாய்மானத்தில், பட்டின் மேல், விரலை வைத்தாள்.

ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாகவும் இருந்தது.

நம்பாமல் விரலைக் குறுக்காக ஓர் இழு இழுத்தாள். எடுத்துப் பார்த்தாள்.

விரலில் மஞ்சள் இல்லை.

தோலின் நிறம். லேசான ரோஜா, அதன் அடியில் நீலம். அப்படி ஒரு வண்ணத்தை அவள் கலக்கவே இல்லை.

படத்தைப் பார்த்தாள். மஞ்சள் பட்டு அப்படியே இருந்தது.

பின்னால் யாரோ அலறினார்கள்.

“ஐயையோ… மொகத்தக் கலைச்சிட்டாங்களே!”

அப்போதுதான் அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

வண்டி பிடித்து வீட்டுக்கு ஓடினாள். அனைக் இல்லை. கூடத்துக் கதவு திறந்து கிடந்தது. செவரின் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு, வழக்கம்போல, ஒன்றும் தெரியவில்லை.

கீழே வாசல் காப்பவள்தான் சொன்னாள்.

“மூணரைக்கே பொட்டியக்கூட எடுக்காம ஓடிருச்சும்மா அந்தப் புள்ள. மாடியில என்னடி பாத்தேன்னு புடிச்சு நிறுத்திக் கேட்டேன். வாயே வரல அதுக்கு. உள்ளங்கைய இந்தக் கன்னத்துல வெச்சுது… அப்புறம் மெதுவா… அந்தக் கன்னம் வரைக்கும் இழுத்துக் காட்டுச்சு.”